பாஸ்வேர்டு இல்லாமல் வைஃபை: ஆண்ட்ராய்டு போனில் டிஜிட்டல் சான்றிதழை அமைப்பது எப்படி?

வைஃபை இணைப்பு கேட்டால், பாஸ்வேர்டு தராமல் .பி12 என்று முடியும் ஒரு ஃபைலைச் சில கல்லூரிகளும் அலுவலகங்களும் தருகின்றன. அதற்குள்தான் உங்கள் டிஜிட்டல் சான்றிதழும் அதற்கான ரகசியச் சாவியும் இருக்கின்றன. இந்த முறைக்கு இஏபி-டிஎல்எஸ் என்று பெயர்.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே இரண்டு பக்கமும் சரிபார்ப்பு நடக்கிறது. உங்கள் சான்றிதழைப் பார்த்து ‘இவர் நம்ம ஆள்’ என்று சர்வர் தெரிந்துகொள்கிறது. சர்வர் காட்டும் சான்றிதழைப் பார்த்து ‘இது நம்ம நெட்வொர்க்தான்’ என்று போனும் தெரிந்துகொள்ள வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்த இரண்டாவதில்தான்.

வைஃபை பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எடுரோமையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் ஐரோப்பாவில் முளைத்த இந்தப் பல்கலைக்கழக வைஃபை, உலகமெங்கும் ஒரே பெயரில்தான் இயங்குகிறது. பையில் சின்ன ரவுட்டர் ஒன்றை வைத்து, அதற்கும் அதே பெயரைக் கொடுத்துவிட்டு ஒருவர் கேன்டீனில் உட்கார்ந்தால் போதும். சரிபார்க்காத போன் அதோடும் போய் ஒட்டிக்கொள்ளும்.

சரி, வேலையைத் தொடங்கலாம். மெனுக்களின் பெயர் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும்.

படி 1: ஐடி பிரிவிடம் ஐந்தைக் கேட்டு வாங்குங்கள்: .பி12 ஃபைல், அதைத் திறக்கும் பாஸ்வேர்டு, சிஏ சான்றிதழ் (சர்வரின் சான்றிதழை வழங்கிய அமைப்பின் சான்றிதழ்; சர்வர் அசலா என்று போன் இதை வைத்துத்தான் பார்க்கும்), சர்வரின் டொமைன் பெயர், உங்கள் அடையாளமாகத் தர வேண்டிய முகவரி. ஃபைலும் பாஸ்வேர்டும் ஒரே மின்னஞ்சலில் வரக் கூடாது. பாஸ்வேர்டை நேரில் கேட்டுக்கொள்வதே நல்லது.

படி 2: செட்டிங்ஸில் ‘சான்றிதழை நிறுவு’ என்று தேடுங்கள். சிஏ, விபிஎன் மற்றும் ஆப், வைஃபை என மூன்று வகை வரும். .பி12 ஃபைல், சிஏ சான்றிதழ் இரண்டையுமே ‘வைஃபை சான்றிதழ்’ வழியாகத்தான் ஏற்ற வேண்டும். வேறு வகையில் ஏற்றிவிட்டு, வைஃபை பட்டியலில் காணோமே என்று தேடுபவர்கள் நிறைய.

படி 3: வைஃபை பெயரைத் தொடுங்கள். இஏபி முறை என்ற இடத்தில் டிஎல்எஸ். பயனர் சான்றிதழ் என்ற இடத்தில் நீங்கள் ஏற்றியது. அடையாளம் என்ற இடத்தில் ஐடி பிரிவு தந்த முகவரி.

படி 4: இங்கே அவசரப்படாதீர்கள். ‘சிஏ சான்றிதழ்’ பட்டியலில், நீங்கள் ஏற்றிய சிஏவைத் தேர்ந்தெடுங்கள். பழைய போன்களில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்றும் ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் உடனே இணைப்பு கிடைக்கும். ஆனால் பாதுகாப்பில் பாதி அங்கேயே போய்விடும். 2020 டிசம்பர் அப்டேட்டில் பிக்சல் போன்களிலிருந்து கூகுள் அதை எடுத்தே விட்டது. ஆண்ட்ராய்டு 13இல் ‘முதல் பயன்பாட்டில் நம்பு’ என்ற தேர்வு வந்தது. முதல் தடவை பதில் சொல்வதே போலி சர்வராக இருந்தால் அதையும் போன் நம்பிவிடும். கையில் சிஏ ஃபைல் இருக்கும்போது அது தேவையே இல்லை.

அப்புறம், டொமைன் கட்டத்தில் சர்வர் பெயரை ஒரு எழுத்துப் பிசகாமல் தட்டுங்கள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் இணையாது.

எல்லாம் சரியாக இருந்தும் இணையவில்லையா? போனின் தேதியைப் பாருங்கள். சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. ஒரு நண்பரின் பழைய லேப்டாப்போடு அரை நாள் மல்லுக்கட்டினோம். கடைசியில் பார்த்தால், உள் பேட்டரி தீர்ந்து அதன் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தது. தேதியைத் திருத்தியதும் இணைந்துவிட்டது.

இணைந்த பிறகு, டவுன்லோட்ஸில் கிடக்கும் .பி12 ஃபைலை அழித்துவிடுங்கள். நண்பர்களுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். போன் தொலைந்தால் அன்றே ஐடி பிரிவுக்குச் சொல்லுங்கள். அந்த ஒரு சான்றிதழை மட்டும் ரத்துசெய்துவிடுவார்கள். மற்ற யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.