அட்டாக்குக்குப் பிறகு நடக்கத் தொடங்குவது எப்படி

முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியவன் நான். செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் படத்தை எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். எனக்கே அட்டாக் வந்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் படம் என் நெஞ்சுக்குள்ளும் இருக்கிறது என்பது உறைத்தது.

இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அதற்குச் சக்தி கொடுக்கவே இதயச் செல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்ட்ரியா பிடித்துக்கொண்டிருக்கிறது. ரத்த ஓட்டம் குறைந்தாலோ, பிரஷர் வருஷக்கணக்கில் ஏறியே கிடந்தாலோ அது பழுதாகும். செல்லை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும், சரியான வடிவத்துக்கு மடங்காத புரதங்கள் குவியும். செல் திணறுவது இப்படித்தான். செத்த செல்லுக்குப் பதில் புதுச் செல் முளைப்பது வருஷத்துக்கு 1 சதவீதம்கூடத் தேறாது. இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

நடையும் செல்லுக்கு ஒரு சுமைதான். ஆனால் சின்னச் சுமை, வந்துவிட்டுப் போய்விடும் சுமை. அதற்கு ஈடுகொடுக்கச் செல் பாதுகாப்பு நொதிகளைக் கூடுதலாகச் செய்கிறது, பழுதான பாகங்களை உடைத்து மறுபடி பயன்படுத்துகிறது. அந்தச் சுத்திகரிப்புக்குப் பெயர் ஆட்டோஃபேஜி. அது நடக்கும் விதத்தை ஈஸ்ட் செல்லில் கண்டு சொன்ன யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே கொஞ்சமாக, விடாமல் நடப்பதுதான் கணக்கு. ஒரே நாளில் மூச்சிரைக்க ஓடுவது அல்ல.

முதலில் டாக்டரிடம் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து, எப்போது தொடங்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் சமதரையில், காலை 5 நிமிஷம், மாலை 5 நிமிஷம் என்று ஆரம்பித்தேன். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் ஏற்றினேன். இப்போது 30 நிமிஷம், வாரம் ஐந்து நாள்.

வேகம் சரியா என்று நாடியை எண்ணிப் பார்க்காதீர்கள். மெட்டோப்ரோலால் போன்ற, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை போடுகிறவர்களுக்கு நாடி அவ்வளவாக ஏறாது, ஏமாற்றிவிடும். பேச்சுதான் அளவுகோல். என் மனைவி கூடவே வருவாள். பாதி வழியில், "என்னங்க, இன்னைக்கு என்ன குழம்பு வைக்கட்டும்?" என்பாள். "நேத்து வாங்கின முருங்கைக்காயைப் போட்டு புளிக்குழம்பு வை" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. "நேத்து வாங்கின..." என்று நின்று மூச்சு வாங்கினால் இருவரும் நடையைக் குறைத்துவிடுவோம். பாட்டே பாட முடிந்தால் கொஞ்சம் எட்டி வைக்கலாம்.

தொடக்கமும் முடிவும் ஐந்தைந்து நிமிஷம் மெதுவாக இருக்கட்டும். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். சாப்பிட்ட கையோடு நடக்க வேண்டாம். இரண்டு நாள் விட்டுப்போனால் அந்த நிமிஷங்களையும் சேர்த்து நடக்க வேண்டாம்.

இதயம் பலவீனம் என்று சொல்லப்பட்டவர்கள் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம். அன்று நடை வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நடுவில் நெஞ்சு இறுக்கினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ, அந்த இடத்திலேயே உட்காருங்கள். நெஞ்சுவலிக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நாக்கின் அடியில் வையுங்கள். 5 நிமிஷத்தில் விடாவிட்டால் 108. வீட்டுக்கு நடந்துபோய் அங்கிருந்து கூப்பிடலாம் என்று எண்ணாதீர்கள்.