திரிகடுகுக் குளிகை: அரைப்பு முதல் கரைவு வரை

விழுங்கிய குளிகை வயிற்றில் உடைய வேண்டும், கரைய வேண்டும். அதற்குப் பிறகுதான் குடல் உறிஞ்சும். முதல் இரண்டும் பெரும்பாலும் கல்வத்திலேயே (மருந்து அரைக்கும் குழிக்கல்) தீர்மானமாகிவிடும்.

முதல் வேலை அரைப்பது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் நன்றாகக் காயவைத்து, தனித்தனியாக அரையுங்கள். மிக்ஸியை இடைவெளி விட்டு விட்டு ஓட்டுங்கள். சூடேறினால் வாசனை எண்ணெய் பறந்துவிடும். பிறகு 80 எண் சல்லடையில் (கண் சுமார் 0.18 மி.மீ.) சலிக்க வேண்டும். சல்லடை இல்லையென்றால் வஸ்திரகாயம்: பாத்திரத்தின் வாயில் மெல்லிய துணியைக் கட்டி, பொடியைத் தேய்த்து இறக்குவது.

இவ்வளவு நுண்மை எதற்கு? பக்கம் 1 மி.மீ. உள்ள கனசதுரத் துணுக்கின் மேற்பரப்பு 6 சதுர மி.மீ. அதையே 0.1 மி.மீ. துணுக்குகளாக்கினால் ஆயிரம் கிடைக்கும், மொத்த மேற்பரப்பு 60. நீர் தொடும் பரப்பு கூடக் கூடக் கரைவும் வேகமாகும்.

சலித்த பின்புதான் எடை போட வேண்டும், ஒவ்வொன்றும் 20 கிராம். மூன்றையும் ஒன்றாக அரைத்துச் சலித்தால் சுக்கு நார் சல்லடையில் தங்கிவிடும். சம அளவு என்பது பேச்சளவில்தான் இருக்கும். பலர் சறுக்கும் இடம் இதுதான்.

அடுத்தது பாவனை, அதாவது பொடியைச் சாற்றில் நனைத்து அரைத்து உலர்த்துவது. இஞ்சிச் சாற்றைப் பிழிந்து அரை மணி நேரம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் வெள்ளை வண்டல் மாவுச்சத்து. அதை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் இறுத்தெடுங்கள். பொடி முழுக்க நனைந்து பிசுபிசுக்கும் அளவுக்குச் சாறு சேர்த்து, கல்வத்தில் மூன்று மணி நேரம் அரைத்து, நிழலில் உலர்த்துங்கள். மறுநாள் புதுச் சாற்றில் மீண்டும். மூன்று முறை போதும். உலர்வது தாமதமானால் பூஞ்சை பிடிக்கும். பிடித்ததைக் கொட்டிவிடுவதுதான் வழி.

கடைசிப் பாவனையில் விழுது விரலில் ஒட்டாத பதம் வந்ததும் உருட்டலாம். காய்ந்த பிறகு பத்துக் குளிகை 2.5 கிராம் இருந்தால் ஒன்று 250 மி.கி. வெயிலில் வைக்காதீர்கள்: மேல்தோல் இறுகும், உள்ளே ஈரம் நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கும். 1998ல் வெளியான ஆய்வில் மஞ்சளில் உள்ள குர்குமின் 2 கிராமோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்தபோது, குர்குமின் உடலில் சேர்வது சுமார் 20 மடங்கு கூடியது. வலிப்புக்கான ஃபெனிடாயின் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு இதே குணம் ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் தரக்கூடாது.

இனிச் சோதனை. 37 பாகை வெந்நீரில் ஒரு குளிகையைப் போட்டு, அவ்வப்போது மெல்ல அசையுங்கள். பூச்சில்லாத சாதாரண மாத்திரைகளுக்கு 15 நிமிடம்தான் கெடு. வீட்டுச் சோதனைக்கும் அதையே அளவாகக் கொள்ளலாம். அரை மணி கழித்தும் கல்லாகக் கிடந்தால் அழுத்தி உருட்டியிருக்கலாம். இடித்து, மறுபடி சலித்து, வெறும் நீர் தெளித்து, கை அழுத்தாமல் உருட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சூரணமாகவே வைத்துக்கொள்ளலாம்.