உயர்நிலை வகுப்பில் ஆங்கிலம்: எதற்கு மதிப்பெண் இடுகிறோம்?

கொங்கு நாட்டு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியராகப் புதிதாகச் சேருகிறவர் முதல் பாடத்தை முடிப்பதற்குள் மாணவர்களின் பைக்குள் கைடு வந்துவிடும். பாடத்தின் பின்னே உள்ள எல்லா வினாக்களுக்கும் விடை அதில் அச்சாகியிருப்பதால், அதே வினாவை அதே சொற்களில் தேர்வில் கேட்டால் நாம் அளப்பது நினைவாற்றலை மட்டுமே. இலக்கியத்தைப் படித்துப் புரிந்துகொள்வது, ஆங்கிலத்தில் வாக்கியம் அமைப்பது, மனப்பாடம் செய்வது ஆகிய மூன்றும் வெவ்வேறு திறன்கள். இவற்றுள் எதற்காக ஒரு வினாவைக் கேட்கிறோம் என்பதை வினாத்தாளுக்கு உட்காரும்போது அல்ல, பாடக்குறிப்பு எழுதும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பொதுத்தேர்வு இதற்குத் தடை என்று பலரும் கருதுகிறார்கள். அது பாதி உண்மைதான். பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 2019-20 முதல் 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாளாக நடக்கிறது. அந்தத் தாளில் மனப்பாடப் பாடலுக்கு 5 மதிப்பெண். கடிதம், விளம்பரம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து எழுதுதல், சுருக்கி எழுதுதல், பிழை திருத்துதல் ஆகியவை அடங்கிய பகுதிக்கு 20. இந்த இருபதையும் கைடு முழுதாக வாங்கித் தராது. பொதுத்தேர்வின் அமைப்பை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் பாட முடிவில் வைக்கும் சிறு தேர்வுகள் நம் கையில்தான் இருக்கின்றன.

உரைநடையிலிருந்து தொடங்குவோம். பத்தாம் வகுப்புப் பாடநூலில் லயம் ஓ'ஃப்ளாஹர்டி எழுதிய கடற்பறவைக் குஞ்சின் கதை இருக்கிறது. பறக்க அஞ்சிப் பாறை விளிம்பில் பட்டினி கிடக்கும் குஞ்சின் எதிரே தாய்ப்பறவை மீன்துண்டை அலகில் கவ்வியபடி வந்து, எட்டியும் எட்டாத தொலைவில் அசையாமல் நிற்கிறது. குஞ்சு பசி தாளாமல் மீனை நோக்கிப் பாய்ந்து, விழும் வழியில் சிறகை விரிக்கிறது. "குஞ்சு ஏன் பறக்க அஞ்சியது?" என்பது கைடு வினா. அதை விட்டுவிட்டு, "தாய் வேண்டுமென்றேதான் அங்கே நின்றது என்று ஆசிரியர் எங்கேனும் சொல்லியிருக்கிறாரா?" என்று கேளுங்கள். வகுப்பு முழுவதும் "ஆமாம் சார்" என்று சொல்லும். அந்த வரியைக் காட்டச் சொன்னால் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அமைதியாகிவிடுவார்கள், ஏனெனில் அந்தக் கட்டம் குஞ்சின் பார்வையிலேயே சொல்லப்பட்டிருக்கிறது; தாய் ஏன் நெருங்கி வரவில்லை என்று குஞ்சுதான் வியக்கிறது, தாயின் எண்ணம் வாசகர் ஊகித்துக்கொள்வது. ஊகத்துக்கு எந்தச் சொற்கள் இடம் தருகின்றன என்று தேடவைக்கும் அந்தப் பத்து நிமிடமே இலக்கிய வகுப்பு என்பேன். இந்த விவாதம் தமிழில் நடந்தாலும் குற்றமில்லை. சான்றாகக் காட்டும் வரி ஆங்கிலத்தில் இருந்தால் போதும். இதற்கு மதிப்பெண் இடும்போது கருத்துக்கு ஒன்று, சரியான வரியைக் காட்டியதற்கு இரண்டு என்று வைத்துக்கொண்டு, எழுத்துப்பிழைக்காக எதையும் குறைக்காதீர்கள்.

செய்யுளிலும் இதே முறைதான். அணியின் பெயரை மட்டும் எழுதியவருக்குப் பாதி மதிப்பெண்ணும், அந்த அணி அந்த வரியில் என்ன செய்கிறது என்பதை ஒரு வாக்கியத்திலாவது சொன்னவருக்கு முழு மதிப்பெண்ணும் கொடுங்கள்.

இலக்கணத்துக்கு ஊரே பாடநூல். திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்ற வரிசையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோபியிலும் ஈரோட்டிலும் மஞ்சளைத் தோண்டுவது, வேகவைப்பது, காயவைப்பது, பாலிஷ் போட்டு மண்டிக்கு அனுப்புவது வரை வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். செயப்பாட்டு வினையை இங்கிருந்து தொடங்குங்கள். "தி க்ளாத் இஸ் கட்" என்று சொல்லும்போது வெட்டியவர் யார் என்பது பொருட்டில்லை, துணி அடுத்து எங்கே போகிறது என்பதே பொருட்டு என்பதை அவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். பீஸில் ஓட்டை விழுந்துவிட்டால் மட்டும் வெட்டியவர் யார் என்ற கேள்வி எழும். அப்போது செய்வினை வேண்டும். ஆகவே தேர்வில் ஐந்து வாக்கியங்களைக் கொடுத்து மாற்றி எழுதச் சொல்வதைக் காட்டிலும், ஒரு பனியன் உருவாகும் கதையை எட்டு வாக்கியங்களில் கொடுத்து, அவற்றில் எவற்றைச் செயப்பாட்டில் எழுதுவது பொருத்தம், ஏன் என்று கேட்பது அதிகம் சொல்லும்.

பிறர் கூற்றில் நேரும் பிழைக்குக் கவனக்குறைவு காரணமில்லை. 'நாளைக்கு வருகிறேன்' என்று சொன்னான் என்று தமிழில் சொன்னபடியே வைத்துவிடுகிறோம். அதே வழக்கத்தில் மாணவர் "ஹி செட் தட் ஐ வில் கம் டுமாரோ" என்று எழுதுகிறார். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், ஒருவர் சொன்ன செய்தியை மூன்றாமவருக்கு மறுநாள் சொல்வதாக நடிக்கவிடுங்கள். நாளை என்பது இன்றாகிவிட்டதும், 'நான்' என்பது சொல்கிறவரையே குறித்துவிடுவதும் அவர்களுக்கே இடறும். சூத்திரத்தை அப்போது சொன்னால் நிற்கும்.

கட்டுரை நோட்டைத் திருத்துவதில்தான் ஆசிரியர்கள் களைத்துப்போகிறார்கள். பக்கம் முழுவதும் சிவப்பு மையால் சுழித்துத் தந்தால் மாணவர் அதைப் பார்ப்பதே இல்லை, மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். ஒரு முறைக்கு ஒரே வகைப் பிழையை, காலம் என்றால் காலத்தை மட்டும், முன்கூட்டியே அறிவித்துவிட்டுத் திருத்துங்கள். பிழையைத் திருத்தி எழுதாமல் அந்த வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு குறி போட்டு, அவரையே கண்டுபிடிக்க விடுங்கள். ஐந்து மதிப்பெண் கடிதத்தில் பொருளுக்கு மூன்று, மொழிக்கு இரண்டு என்று தனித்தனியே எழுதிக் காட்டினால், எதில் பின்தங்குகிறோம் என்பது அவருக்கே தெரியும். தலைப்பையும் அருகிலிருந்தே எடுங்கள்: நொய்யலில் கலக்கும் சாயக்கழிவு, மாலை ஆறு மணிக்கு மேல் வராத டவுன் பஸ். மனப்பாடக் கடிதம் இங்கே உதவாது.

பேச்சும் கேட்டலும் பொதுத்தேர்வுத் தாளில் இல்லாததால் வகுப்பிலும் இல்லாமல் போகின்றன. தாளில் இருக்கும் சாலை வரைபட வினாவையே இதற்குப் பயன்படுத்தலாம். ஒருவர் பள்ளியிலிருந்து சந்தைக்குப் போகும் வழியை ஆங்கிலத்தில் சொல்லட்டும், முதுகைத் திருப்பி உட்கார்ந்திருக்கும் மற்றவர் கேட்டு வரையட்டும். வரைபடம் சரியாக வந்தால் இருவருக்கும் மதிப்பெண். இந்தியும் ஒடியாவும் பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் உள்ள வகுப்புகளில் இந்தப் பயிற்சிக்குத் தனிப் பயன் உண்டு, அங்கே ஆங்கிலம் உண்மையிலேயே தேவைப்படுகிறது.

மெல்லக் கற்போருக்கு 35 மதிப்பெண் எடுக்க மனப்பாடப் பாடலும் வரைபட வினாவும் போதிய தொடக்கம். அவர்களிடம் அதை மறுக்க வேண்டாம். மதிப்பெண் பதிவேட்டில் மட்டும் ஒவ்வொரு பெயருக்கும் நேரே நினைவு, வாசிப்பு, எழுத்து என்று மூன்று கட்டங்கள் போட்டு வையுங்கள். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் யாரை எந்தப் பயிற்சிக்கு உட்கார வைப்பது என்பதை மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்தக் கட்டங்களைப் பார்த்து முடிவு செய்யலாம்.