திருகோணமலை வயல்வெளி உயிரினங்களை அடையாளம் காணப் பழகுவது எப்படி?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடித்த பறவைப் புத்தகம் ஒன்றை வாங்கி, நாலு நாள் புரட்டிவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். நூறு பெயர் ஒரேயடியாகத் தலைக்குள் ஏறாது. அதைவிட, ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் சோடிகளை எடுத்து, இது எது, அது எது என்று பிரித்துப் பாருங்கள். பெயர் தானாக மனதில் நிற்கும்.

படி 1: ஓடாத விலங்கில் தொடங்குங்கள்

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பழகித் திரிகின்றன. கண்ணைப் பழக்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது. கொம்பு ஆண் மானுக்கு மட்டும்தான். அது விழுந்து விழுந்து புதிதாக முளைக்கும். வளரும் காலத்தில் மெல்லிய மயிர்த்தோல் மூடியிருக்கும். முற்றியதும் அந்தத் தோல் உரிந்துவிடும். உங்கள் முன்னால் நிற்பது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். சாப்பாட்டுப் பொதி கட்டிய பொலித்தீனை மட்டும் அங்கே போட்டுவிட்டு வராதீர்கள், மான் அதையும் தின்னும்.

படி 2: கொக்குகளைப் பிரியுங்கள்

தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயல் வரம்பில் விடிய 6 மணிக்கு நில்லுங்கள். உழவு நடக்கும் நாள் என்றால் இன்னும் நல்லது. மண் புரளப் புரள, பூச்சி புழு பொறுக்கக் கொக்குகள் உழவு மெசினுக்குப் பின்னாலேயே நடக்கும்.

எல்லாம் வெள்ளைதானே என்று நினைக்க வேண்டாம். முதலில் சொண்டைப் பாருங்கள். கட்டைக் கழுத்தும் மஞ்சள் சொண்டுமாக மாட்டின் காலடியில் திரிவது உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாகும். சொண்டும் காலும் கறுப்பாக இருந்தால் சின்னக் கொக்கு. அது தண்ணீரை விட்டுக் காலைத் தூக்கும்வரை பொறுத்திருங்கள்: கறுப்புக் காலுக்கு மஞ்சள் மேசு போட்டதுபோலப் பாதம் தெரியும். அந்தப் பாதத்தால் சேற்றைக் கிளறித்தான் மீனை வெளியே வரவைக்கிறது.

வாய்க்கால் ஓரத்தில் மண்ணிறமாகக் கூனிக்கொண்டு நிற்கும் குருட்டுக்கொக்கைக் கிட்டப் போகும்வரை காண மாட்டீர்கள். எழும்பிப் பறந்தால் செட்டை முழுக்க வெள்ளை! பெரிய கொக்கு, நடுத்தரக் கொக்கு வித்தியாசத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பழகியவர்களே தடுமாறும் இடம் அது.

படி 3: உடும்பா, கபரக்கொய்யாவா?

கபரக்கொய்யா என்பது நீரோரம் வாழும் பெரிய உடும்பினம். இரண்டையும் குழப்பாத ஆளே இல்லை எனலாம். நிறத்தை நம்பாதீர்கள், சேறு பூசினால் எல்லாம் ஒன்றுதான். மூக்குத் துளையைப் பாருங்கள். உடும்புக்கு அது கீறல்போல, மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் கிட்டத்தட்ட நடுவில் இருக்கும். கபரக்கொய்யாவுக்கு வட்டமாக, நுனிக்குப் பக்கத்தில் இருக்கும். கபரக்கொய்யா தண்ணீரை விட்டு அதிக தூரம் போகாது. வாலை அசைத்து அசைத்து நீந்தும். உலகத்துப் பல்லியினங்களில் கொமோடோ உடும்புக்கு அடுத்தபடி பாரமானது அதுதான்.

கீரியிலும் இப்படித்தான். வால் நுனி கறுத்து மேலே வளைந்திருந்தால் செங்கீரி. கறுப்பு நுனி இல்லாத நரைத்த உடம்பு என்றால் சாம்பல் கீரி.

படி 4: காதைத் தீட்டுங்கள்

வேலிப் பற்றைக்குள்ளிருந்து "ஊக், ஊக், ஊக்" என்று அடித்தொண்டையில் வந்தால் செண்பகம். கறுப்பு உடம்பு, செம்பு நிறச் செட்டை, சிவந்த கண். பறப்பதைவிட நடப்பதே அதற்கு விருப்பம். வெட்டையில் உங்கள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்துவது ஆட்காட்டி. கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை இருந்தால் ஒரு வகை, மஞ்சள் சதை தொங்கினால் இன்னொரு வகை. மஞ்சள் வகை காய்ந்த தரையைத்தான் விரும்பும். எதுவாக இருந்தாலும் அப்படிக் கத்தினால் அங்கேயே நின்று காலடியைப் பாருங்கள். வெறுந்தரையில், கல்லோடு கல்லாக முட்டை கிடக்கலாம். வந்த வழியே பின்வாங்குங்கள்.

படி 5: கொப்பியில் எழுதுங்கள்

திகதி, இடம், நேரம், என்ன செய்துகொண்டிருந்தது. இவ்வளவு போதும். வயல்காரரிடம் பெயர் கேட்டு அவர் சொன்னபடியே எழுதுங்கள். போனில் படம் எடுப்பது நல்லதுதான், ஆனால் பார்த்து முடித்த பிறகு எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கந்தளாய்க் குளக்கட்டுப் பக்கமும் காட்டோர வயல்களிலும் பின்னேரம் ஆனால் யானை இறங்கும். ஈரம் காயாத யானை லத்தியைக் கண்டால் அன்றைய பார்வையை அத்தோடு நிறுத்திவிட்டுத் திரும்புங்கள். குளத்தில் முதலையும் உண்டு, கால் கழுவ இறங்க வேண்டாம்.