ஊர் சுற்றச் சம்பளமா? வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ முடிவுகள் வரும் மே மாதத்தில் சில பிள்ளைகள் கேட்பார்கள்: "எனக்கு ஒரே இடத்தில் உட்கார முடியாது. ஊர் ஊராகப் போகிற வேலையாக ஏதாவது சொல்லுங்கள்." நாலைந்து வருடம் ஒரே அலுவலகத்தில் கழித்துச் சலித்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அவர்கள் மனதில் ஏற்கெனவே கப்பல், விமானம், மடிக்கணினியோடு கடற்கரை என்று மூன்று படங்கள் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றிலும் நன்றாக வாழ்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்தப் படத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டி, இரண்டாம் வருடமே திரும்பி வந்தவர்களும் உண்டு. அவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்று பார்ப்போம்.

முதல் தவறு, தூரத்தை அளப்பது. "எத்தனை நாடு போகலாம்?" என்று எல்லோரும் கேட்பார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் எத்தனை மணி நேரம் நம் கையில் இருக்கும், அந்த நேரத்தை யார் தீர்மானிப்பார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், பயண வேலைகளைத் தரம் பிரிக்க இந்த ஒரு கேள்வி போதும்.

மெர்ச்சன்ட் நேவி எனப்படும் வணிகக் கப்பல் வேலையை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர், ரோட்டர்டாம், சான்டோஸ் என்று துறைமுகப் பெயர்கள் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கன்டெய்னர் கப்பல் பல துறைமுகங்களில் ஒரு நாள்கூட நிற்பதில்லை. நிற்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் வேலை கழுத்தை நெரிக்கும்: சரக்கு ஏற்றி இறக்குவது, எண்ணெய் நிரப்புவது, மளிகை ஏற்றுவது, சோதனைக்கு வரும் அதிகாரிகளுக்குப் பதில் சொல்வது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது பன்னாட்டு விதி. கிடைக்கும் ஓய்வு தூக்கத்துக்கே சரியாகிவிடும். டேங்கர் என்றால் முனையம் ஊருக்கு வெகு தொலைவில் இருக்கும். சில இடங்களில் கரைக்கே வராமல் கடலிலுள்ள மிதவையில் கட்டி எண்ணெயை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். தானியம், நிலக்கரி, தாது ஏற்றும் பல்க் கேரியர்கள் பல நாள் நிற்பதுண்டு. ஆகவே சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, அந்த நிறுவனம் எந்த வகைக் கப்பல் ஓட்டுகிறது என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை.

இறங்கி நடக்க அனுமதி கிடைப்பதும் முன்பு போல எளிதில்லை. 2004-இல் துறைமுகப் பாதுகாப்புக்கான பன்னாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் வாசலில் கெடுபிடி கூடிவிட்டது. அமெரிக்காவில் விசா இல்லாத மாலுமி கப்பலைவிட்டு இறங்க முடியாது. 2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் 'டாலி' கப்பல் மோதிப் பாலம் சரிந்தது நினைவிருக்கும். அதிலிருந்த 21 பேரில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். மே 20 அன்று கப்பலை அங்கிருந்து நகர்த்தும் வரை, வாரக்கணக்காக அவர்கள் அமெரிக்க நகரம் ஒன்றைக் கண்ணெதிரே பார்த்தபடி கப்பலுக்குள்ளேயேதான் இருந்தார்கள். அது அபூர்வமான விபத்துதான். ஆனாலும் கரையைத் தள்ளி நின்று பார்ப்பது மாலுமிகளுக்குப் புதிதில்லை.

விமானத்தில் கதை கொஞ்சம் வேறு. சென்னையை மையமாக வைத்து உள்நாட்டுச் சேவையில் விமானப் பணிப்பெண்ணாகச் சேர்பவர் காலையில் டெல்லிக்குப் பறந்து மாலைக்குள் வீடு திரும்பலாம். அவர் பார்த்த டெல்லி, ஏரோபிரிட்ஜ் வாசல். இரவு வெளியூரில் தங்கும் 'லேஓவர்' எத்தனை வரும், நீண்ட தூரச் சேவைக்கு மாற எத்தனை வருடம் ஆகும் என்று நேர்முகத்தின்போதே கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. ஊழியர்களுக்கான இலவச டிக்கெட்டைப் பற்றியும் பெரிதாகச் சொல்வார்கள். பெரும்பாலும் காலி இருக்கை மிஞ்சினால்தான் அது பயன்படும். தீபாவளிக்கு ஊருக்குப் போக அதை நம்ப முடியாது.

மருந்துப் பிரதிநிதி வேலையை இந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. நம் ஊரில் உண்மையிலேயே தினமும் பயணம் செய்யும் வேலை அதுதான். தலைமையிடம், எக்ஸ்-ஸ்டேஷன் (அன்றே போய்த் திரும்பும் ஊர்), அவுட்-ஸ்டேஷன் (இரவு தங்க வேண்டிய ஊர்) என்று ஊர்களைப் பிரித்து அதற்கேற்ப தினப்படி தருவார்கள். மதுரையில் இருப்பவருக்குக் கொடைக்கானல் அவுட்-ஸ்டேஷனாக வரலாம். ஆனால் கொடைக்கானலில் அவர் பார்ப்பது மருத்துவரின் காத்திருப்பு அறை. நோயாளிகள் எல்லாம் முடிந்தபின்தான் உள்ளே கூப்பிடுவார்கள். இரவு லாட்ஜ், மறுநாள் அடுத்த ஊர். மாத டூர் புரோகிராமை மேலாளர் ஒப்புக்கொண்ட பிறகு அதிலிருந்து நகர முடியாது. இந்த அலைச்சலையே ரசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எந்த ஊரில் எந்தக் கடையில் பரோட்டா நன்றாக இருக்கும் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

டூர் மேனேஜர் ஐபெல் கோபுரத்தடியில் நின்றுகொண்டு தலையை எண்ணிக்கொண்டிருப்பார். இரவுச் சாப்பாட்டில் தயிர்சாதம் இல்லையென்றால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். கோடை விடுமுறையில் மூச்சுவிட நேரம் இருக்காது, மழைக்காலத்தில் வேலையே இருக்காது. போதும்.

படிப்புக்கு முதலில் பணம் கட்டிவிடுவது

பணம் அதிகம் தொலைவது இங்கேதான். கப்பலுக்குப் போக வேண்டும் என்று பிள்ளை சொன்னதும், விளம்பரம் பார்த்து, நிலத்தை அடகு வைத்து ஒரு பயிற்சி நிறுவனத்தில் சேர்த்துவிடுகிறார்கள். வரிசை தலைகீழாகிவிடுகிறது.

முதலில் செய்ய வேண்டியது மருத்துவப் பரிசோதனை. கப்பலை ஓட்டும் டெக் பிரிவில் நிறப் பார்வைக் குறை உள்ளவர்களை எடுப்பதில்லை. இரவில் எதிரே வரும் கப்பலின் சிவப்பு, பச்சை விளக்கைப் பிரித்தறிய முடியாதவரை நம்பிக் கப்பலைக் கொடுக்க மாட்டார்கள். இந்தக் குறை இருப்பது பலருக்குப் பரிசோதனை மேசையில்தான் தெரியவரும். கட்டணம் கட்டியபின் தெரிந்தால் என்ன செய்வது? கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் முன்கூட்டியே போய்வருவது பெரிய செலவில்லை.

அடுத்தது ஸ்பான்சர்ஷிப். பெரிய கப்பல் நிறுவனங்கள் தாங்களே தேர்வும் நேர்முகமும் வைத்து, தேறியவர்களுக்கு ஸ்பான்சர்ஷிப் கடிதம் தருகின்றன. டிஎன்எஸ் எனப்படும் கடல்சார் டிப்ளமோவில் கரையில் ஓராண்டுப் பயிற்சி, பின்பு கேடட்டாக, அதாவது பயிற்சியாளராக, 18 மாதக் கடல் சேவை. அந்த 18 மாதம் கிடைத்தால்தான் கப்பல் அதிகாரியாவதற்கான செகண்ட் மேட் தேர்வு எழுத முடியும். வகுப்பறைப் படிப்பைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம், கப்பலில் இடத்தை அப்படி வாங்க முடியாது. கடிதம் இல்லாமல் சேர்ந்து, படிப்பை முடித்து, கப்பல் கிடைக்காமல் வருடக்கணக்கில் நிறுவனங்களின் படியேறிக்கொண்டிருக்கும் பையன்கள் நிறையப் பேர். பத்தாம் வகுப்பு முடித்துச் சேரக்கூடிய ஆறு மாத ஜிபி ரேட்டிங் (அதிகாரி அல்லாத மாலுமி) படிப்பிலும் இதே நிலைதான். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமே சென்னையில் இருக்கிறது. அதன் நுழைவுத் தேர்வையும் இயக்குநரகத்தின் அங்கீகாரப் பட்டியலையும் பார்க்காமல் ஏஜென்ட் பேச்சைக் கேட்பானேன்?

அந்த ஏஜென்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலுமிகளை வேலைக்கு எடுத்து அனுப்ப இந்தியாவில் ஆர்பிஎஸ்எல் என்ற உரிமம் கட்டாயம். உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் இயக்குநரகத்தின் தளத்தில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, சிடிசி எனப்படும் மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு மட்டும் அவருடையது. "ரெண்டு லட்சம் கொடுங்க, அடுத்த வாரம் துபாயில் சைன் ஆன் (கப்பலில் ஏறுவது)" என்று ஒருவர் சொன்னாலே பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அப்படிப் போனவர்களில் பலர் வளைகுடா, ஈரான் பக்கம் சிறிய பழைய கப்பல்களில் சம்பளமே இல்லாமல் மாட்டிக்கொண்டு, கடைசியில் தூதரகத்துக்கு வீடியோ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்துவைக்க வேண்டியது ஒன்று: குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே, அந்த உடன்படிக்கைப்படி கப்பல் முதலாளி மாலுமியைக் கைவிட்டதாகக் கணக்கு. கைவிடப்பட்டவர்களுக்கு நான்கு மாதச் சம்பள நிலுவை வரைக்கும், ஊர் திரும்பும் செலவுக்கும் காப்பீடு இருந்தாக வேண்டும். சான்றிதழைக் கப்பலில் ஒட்டியிருப்பார்கள். ஏறியதும் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானப் பணிப்பெண் 'அகாடமி'களின் கதையும் இதற்குச் சித்தப்பா பிள்ளைதான். பெரும்பாலான விமான நிறுவனங்கள் கேட்கும் படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. அவர்களே நேரடித் தேர்வு வைத்து எடுக்கிறார்கள், எடுத்தவர்களுக்கு அவர்களே பயிற்சி தருகிறார்கள். லட்சம் கட்டி வாங்கிய டிப்ளமோவால் ஆங்கிலமும் தைரியமும் கொஞ்சம் வரலாம், இல்லையென்று சொல்லவில்லை. அதை வேலைக்கான டிக்கெட் என்று நம்பினால்தான் ஆபத்து.

சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்குவது

கப்பலில் மாதம் இவ்வளவு என்றால் உடனே மனம் 12-ஆல் பெருக்கிவிடும். கப்பல் வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலை. சைன் ஆஃப் ஆகி, அதாவது கப்பலைவிட்டு இறங்கி, வீட்டில் இருக்கும் மாதங்களில் பலருக்குச் சம்பளம் கிடையாது. அடுத்த அழைப்பு இரண்டு மாதத்திலும் வரலாம், ஐந்து மாதத்திலும் வரலாம். வீட்டுக் கடன் தவணை மட்டும் ஒவ்வொரு மாதமும் சரியாக வந்துவிடும்.

வரியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே வசிப்பவர் என்று கணக்கு. கப்பல்காரர்கள் இதனால்தான் வெளிநாட்டில் கழிந்த நாட்களை 'என்ஆர்ஐ நாள்' என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். இந்தியக் கடற்கரைக்குள்ளேயே ஓடும் கப்பலில் இருந்த நாட்கள் வெளிநாட்டுக் கணக்கில் சேராது. ஒப்பந்தம் ஒரு வாரம் முன்னால் முடிந்தால்கூட அந்த வருடக் கணக்கு மாறிவிடலாம்.

கேபின் க்ரூ எனப்படும் விமானப் பணியாளர்களுக்கு அடிப்படைச் சம்பளம் ஒரு பங்கு, பறந்த நேரத்துக்கான படி இன்னொரு பங்கு. விமானம் நின்றால் இரண்டாவது பங்கும் நின்றுவிடும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும் கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. பயணத் தொழில்கள் எல்லாமே இப்படித்தான், நெருக்கடி வந்தால் முதல் அடி இவற்றின் மேல்தான் விழும். ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்வது எல்லா வேலைக்கும் நல்லது. இந்த வேலைகளுக்கு அது இல்லாமல் முடியாது.

மடிக்கணினி வைத்துக்கொண்டு எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்பவர்களுக்குச் சுருக்கமாக: சுற்றுலா விசாவில் வேலை செய்யலாமா என்பதை நாட்டுக்கு நாடு பார்க்க வேண்டும், பல நாடுகளில் கூடாது. தாய்லாந்து 2024 ஜூலையில் கொண்டுவந்த டிடிவி போன்ற தனி விசாக்கள் உண்டு. அதற்கு 5 லட்சம் பாட் கையிருப்பு காட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து லாகின் செய்ய உங்கள் நிறுவனம் எழுத்தில் சம்மதித்திருக்கிறதா என்பதைப் பார்க்காமல் டிக்கெட் போட்டு, மேலாளரிடம் மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

வீட்டைக் கணக்கில் எடுக்காதது

இதை இளைஞர்கள் கேட்க விரும்பமாட்டார்கள், சரி, சொல்லிவிடுகிறேன். அட்லாண்டிக் நடுவே இருக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று செய்தி வந்தால், அடுத்த துறைமுகம் வர வேண்டும், மாற்று ஆள் வர வேண்டும், அப்புறம்தான் விமானம். 2020-இல் கொரோனா காலத்தில் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பலில் தவித்தவர்கள் உலகம் முழுக்கச் சுமார் 4 லட்சம் பேர் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு கணக்கிட்டது. அண்ணன் தம்பி யாராவது ஊரில் இருக்கிறார்களா, ஆஸ்பத்திரிக்கு அம்மாவை யார் கூட்டிப்போவார் என்பதையெல்லாம் சேரும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். கல்யாணப் பேச்சிலும் இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. "கப்பல்காரர், நல்ல வருமானம்" என்பதோடு தரகர் நிறுத்திக்கொள்வார்.

இன்னொரு தவறும் உண்டு: பயணம் என்றால் வேலையே ஓட வேண்டும் என்று நினைப்பது. மத்திய அரசுப் பணியில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் எட்டு வருடத்தில், ஒவ்வொரு நான்கு வருடத்திலும் மூன்று முறை சொந்த ஊருக்கும் ஒரு முறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போய்வரச் செலவு கிடைக்கும். ரயில்வே ஊழியருக்குப் பாஸ் உண்டு. ஆசிரியருக்குக் கோடை விடுமுறை இருக்கிறது. அந்த நாட்கள் முழுக்க அவர்களுடையவை. கொடைக்கானலில் மருத்துவருக்காகக் காத்திருப்பவரைவிட இவர்கள் ஊரை நன்றாகப் பார்த்துவிட்டு வருவார்கள்.

வேலையும் ஓட வேண்டும், இடத்தையும் பார்க்க வேண்டும் என்றால் பளபளப்பில்லாத வேலைகளைத் தேடுங்கள். 1851-இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் (ஜிஎஸ்ஐ) நிலவியலாளர்கள் ஒவ்வொரு ஆண்டும் மாதக்கணக்கில் களத்தில் முகாமிட்டுத் தங்குகிறார்கள். யுபிஎஸ்சி இதற்குத் தனித் தேர்வு நடத்துகிறது, விண்ணப்பிக்க நிலவியல் (ஜியாலஜி) முதுகலை படித்திருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு போன ஆட்கள் ராஜஸ்தான் கிராமங்களைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு எந்தப் பயணக் காணொளியிலும் நான் கேட்டதில்லை. அவர்கள் இரவு பகலாக அந்த மண்ணிலேயே கிடக்கிறார்கள்.

எந்த வேலையாக இருந்தாலும், அதில் இரண்டு மூன்று வருடம் முடித்த ஒருவரைப் பிடியுங்கள். மேலே உயர்ந்துவிட்டவரும் வேண்டாம், பயிற்சி நிறுவனம் மேடையேற்றும் முன்னாள் மாணவரும் வேண்டாம். அவருடைய கடந்த மாத ரோஸ்டரையோ (பணி நேர அட்டவணை) டூர் புரோகிராமையோ காட்டச் சொல்லுங்கள். வெளியூரில் கழித்த நாட்களில், வேலையும் தூக்கமும் போக எத்தனை மணி நேரம் மிஞ்சியது, அந்த நேரத்தில் எங்கே போனார் என்று கேளுங்கள். "ஹோட்டலில் படுத்துவிட்டேன்" என்பதுதான் பாதி நாட்களுக்கு வரும் பதில். மீதி நாட்களுக்கு என்ன பதில் வருகிறது என்று கேட்டுவிட்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.