ராணுவ எலெக்ட்ரானிக்ஸ் டெஸ்டிங்: முதலில் ஒயரைப் பாருங்கள்

பெங்களூரில் ஏவியானிக்ஸ் (விமான எலெக்ட்ரானிக்ஸ்) டெஸ்டிங்கில் சேர்ந்த முதல் மாதமே இரண்டு முழு நாளைத் தொலைத்தேன். 1553 பஸ்ஸில், அதாவது விமானத்தின் கருவிகள் தகவல் பரிமாறும் பொது ஒயரில், நடுநடுவே மெசேஜ் காணாமல் போனது. நான் பஸ்ஸை இயக்கும் டிரைவர் புரோகிராமை வரி வரியாகத் துருவிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு சீனியர் வந்து, மின் அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பின் புரோபை ஒயரில் வைத்தார். அலை கோணலாகத் தெரிந்தது. பஸ்ஸின் ஒரு முனையில், அலை திரும்பி வராமல் தடுக்கும் டெர்மினேட்டரே இல்லை! "மொதல்ல ஒயரப் பாரு தம்பி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் சி மொழியில் இருந்து தொடங்குங்கள். பிட் கணக்கு, பாயின்டர், வோலடைல் (ஹார்டுவேர் தானாக மாற்றக்கூடிய மாறி), இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) இவ்வளவும் கைக்குப் பழக வேண்டும். சி மொழியைப் பாதுகாப்பாக எழுதுவதற்கான மிஸ்ரா சி விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு விதியும் எந்த ஆபத்தைத் தடுக்கிறது என்று தெரிந்தால் போதும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். 0.1 விநாடி என்பதை பைனரியில் எழுதி, புள்ளிக்குப் பின் 23 பிட்டோடு வெட்டுங்கள். அதை 36 லட்சம் முறை கூட்டுங்கள், அதாவது 100 மணி நேரம். உண்மையான நேரத்தைவிட சுமார் 0.34 விநாடி குறையும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் 0.1 விநாடிக் கணக்கில் நேரம் பார்த்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, ஈராக்கின் ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது இந்த விலகலால்தான். 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். சில மணி நேரம் மட்டும் ஓட்டிப் பார்க்கும் டெஸ்டில் இது பிடிபடாது.

அப்புறம் சென்னை ரிச்சி தெருவில் இரண்டு எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அவற்றை ஒயரால் பேசவைக்க இரண்டு ஆர்எஸ்-485 மாட்யூல், ஒயரில் போகும் 0, 1-ஐப் பதிவு செய்யும் ஒரு மலிவான லாஜிக் அனலைசர் வாங்குங்கள். ஒரு போர்டு 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை செக்சம்மோடு (தகவல் வழியில் கெட்டதா என்று காட்டும் எண்) தகவல் அனுப்பட்டும், மற்றது வாங்கட்டும். ஓடிவிட்டதா? சரி, இனிமேல்தான் வேலை. ஒரு பிட்டைப் புரட்டுங்கள், தாமதமாக அனுப்புங்கள், பாதியில் ஒயரைப் பிடுங்குங்கள். 1553 கார்டு வீட்டில் வாங்குகிற விலையில் இல்லை. ஆனால் ஒரு வேர்டுக்கு (மெசேஜின் ஒரு துண்டு) 20 பிட், 4 முதல் 12 மைக்ரோ விநாடிக்குள் பதில் என்ற கணக்கைப் படித்து வையுங்கள். இன்டர்வியூவில் படம் போடச் சொல்வார்கள்.

பிழையை எழுதவும் பழகுங்கள். "வேலை செய்யவில்லை" என்று எழுதினால் டெவலப்பர் திருப்பி அனுப்பிவிடுவார். சாஃப்ட்வேர் வெர்ஷன், போர்டு எண், பவர் போட்டு எத்தனை நிமிடம், அறை வெப்பநிலை, என்ன செய்தபோது வந்தது, பத்தில் எத்தனை முறை வந்தது, எல்லாம் வேண்டும். என்னைக் கேட்டால், கோட் எழுதத் தெரிந்தவர்களைவிட இதை எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம்.

உள்ளே நுழைய, மத்திய அரசின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் சயின்டிஸ்ட்-பி வேலைக்கு, இன்ஜினியரிங் படித்தவர்களுக்கான கேட் தேர்வின் மதிப்பெண்ணும் நேர்முகத் தேர்வும் உண்டு. அரசு நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒப்பந்த அடிப்படையில் டிரெய்னி இன்ஜினியர்களை எடுக்கும். நான் வந்தது ஒரு சின்ன சப்ளையர் கம்பெனி வழியாக. சம்பளம் குறைவு, ஆனால் முதல் நாளே ஸ்கோப் கைக்கு வந்தது.

லேபில் போனுக்கும் பென்டிரைவுக்கும் அனுமதி இல்லை, இணையமும் கிடையாது. டேட்டாஷீட்டும் பக்க எண் போட்ட ஒரு நோட்டும்தான் துணை. அந்த நோட்டும் மாலையில் பீரோவுக்குள் போய்விடும், வீட்டுக்கு வராது.