பேஸ் பிரிட்ஜ் மாத்தணுமா, முதல்ல ஸ்கேலை எடுங்க

பேஸ் கிட்டார் வாங்கி கொஞ்ச நாள் ஆனதும் கை அரிக்க ஆரம்பிக்கும், எதையாவது மாத்தணும்னு, அதுல முதல்ல மாட்டறது பிரிட்ஜ்தான், அதாவது உடம்புல கம்பியோட அடி முனையைப் பிடிச்சு நிக்கற உலோகப் பாகம். வெயிட்டான பித்தளை பிரிட்ஜ் போட்டா சஸ்டெய்ன் (நோட்டு நீண்டு ஒலிக்கறது) பிச்சிக்கும்னு யாராவது சொல்லி வச்சிருப்பாங்க. நானும் நம்பி மாத்தினேன். வித்தியாசம் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா கொஞ்சூண்டுதான், நோட்டு அடிக்கும்போது அந்த முதல் தட்டு கொஞ்சம் தெளிவா கேக்கும், அவ்ளோதான், புதுக் கம்பி போட்டாலே அதை விட பெரிய மாற்றம் தெரியும். அதனால சவுண்டுக்காக மட்டும் மாத்தறதா இருந்தா ஒரு தடவை யோசிங்க. சாடில் (பிரிட்ஜ்ல ஒவ்வொரு கம்பியும் உக்கார்ற குட்டிக் கட்டை) ஆடுது, ஹைட் ஸ்க்ரூ தானா இறங்குது, துருப்பிடிச்சு, சாடிலை முன்ன பின்ன நகர்த்தற இன்டொனேஷன் ஸ்க்ரூ திரும்பவே மாட்டேங்குது, வேகமா அடிச்சா கம்பி சாடில் மேல பக்கவாட்டுல நழுவுதுன்னா தாராளமா மாத்துங்க. அதுலயும் வெறும் கரகரப்புதான் பிரச்சனைன்னா அந்த குட்டி ஹைட் ஸ்க்ரூ மரையில ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டுப் பாருங்க, பல நேரம் அதுலயே முடிஞ்சிரும்.

நான் சொல்றது ஃபெண்டர் ஜாஸ், பிரிசிஷன், அப்புறம் அதே அச்சுல வர்ற 4 கம்பி பேஸுங்களுக்கு. இதுல பழைய மாடல் பிரிட்ஜ்னா வெறும் வளைச்ச தகடு, மேல நாலு உருளை சாடில், உடம்புல வரிசையா 5 ஸ்க்ரூ. கிப்சன் தண்டர்பேர்டுல வர்றது மூணு தூண் மேல நிக்கற வேற டிசைன், அது கதையே வேற.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி அளங்க. இதை நான் செய்யல, போட்டோல பாத்தா ஒரே மாதிரி இருக்கேன்னு வாங்கிட்டேன், வந்ததும் வச்சுப் பாத்தா 5 ஓட்டைல நடு ஓட்டை ஒண்ணுதான் பொருந்துச்சு. விலை கம்மியான பேஸ்ல ஓட்டை இடைவெளி இஷ்டத்துக்கு இருக்கும், அதனால ஒவ்வொரு ஓட்டையோட நடுவுல இருந்து அடுத்ததோட நடு வரைக்கும் அளந்து எழுதி வச்சுக்கோங்க. அடுத்து கம்பிக்கு கம்பி இடைவெளி, ஃபெண்டர்ல பொதுவா 19 மில்லி, அதாவது E கம்பில (தடிமனானது) இருந்து G கம்பி (மெல்லிசு) வரைக்கும் 57 மில்லி. இது மாறினா கம்பி பிக்கப்போட (கம்பி அதிர்வை சிக்னலா மாத்தற பாகம்) காந்தத்துக்கு நேரா போகாது. ஜாஸ், பிரிசிஷன்ல ஒரு கம்பிக்கு ரெண்டு காந்தக் குமிழ், கம்பி அந்த ரெண்டுக்கும் நடுவுல போகணும்.

மூணாவது அளவைத்தான் எல்லாரும் கோட்டை விடுவாங்க, உயரம். வெயிட் பிரிட்ஜோட அடித்தகடு தடிமனா இருக்கும், சாடிலை கடைசி வரைக்கும் இறக்கினாலும் பழைய பிரிட்ஜ் அளவுக்கு கம்பி கீழ வராது. இப்போ உங்க சாடில் ஏற்கனவே தகட்டை ஒட்டி உக்காந்திருந்தா புது பிரிட்ஜ்ல ஆக்‌ஷன் (கம்பி ஃபிங்கர்போர்டுக்கு மேல நிக்கற உயரம்) கண்டிப்பா ஏறும். அதுக்கு வழி நெக்கைக் கழட்டி, அது உக்கார்ற குழியில (பாக்கெட்) பிரிட்ஜ் பக்கம் இருக்கற ஓரத்துல ஒரு ஷிம், அதாவது மெல்லிய துண்டு, வைக்கறது. கணக்கு போட்டுப் பாத்தா ஆச்சரியமா இருக்கும், அரை மில்லி தடிமனுக்கு ஒரு அட்டைத் துண்டு வச்சாலே சாடில் பக்கம் கிட்டத்தட்ட 2 மில்லி இடம் கிடைக்கும். ஷிம் வைக்கறது மட்டமான வேலைன்னு சிலர் மூஞ்சி சுளிப்பாங்க, பழைய ஃபெண்டர் பல பீஸ்லயே அது இருந்திருக்கு.

சரி, வேலைக்கு வருவோம். கம்பி இருக்கும்போதே 17-வது ஃப்ரெட்ல (நெக் மேல குறுக்கா இருக்கற உலோகப் பட்டை) ஒவ்வொரு கம்பியும் எவ்ளோ உயரத்துல இருக்குன்னு குறிச்சுக்கோங்க, பிரிட்ஜை ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க. நாலு கம்பியும் சேர்ந்து 80 கிலோ கிட்ட இழுத்துட்டு இருக்கும், அதனால பட்டுன்னு வெட்டாம ஒவ்வொண்ணா லூஸ் பண்ணி எடுங்க. திருப்புளி ஸ்க்ரூ தலைக்கு சரியா உக்காரணும், தலை வழுக்கிட்டா அப்புறம் தலைவலி.

பிரிட்ஜைத் தூக்கினா கீழ ஒரு ஒயர் நுனி தெரியும். அதுதான் கிரவுண்ட் ஒயர், உள்ள இருக்கற வால்யூம் பாட்ல (வால்யூம் குமிழோட அடிப்பாகம்) இருந்து வர்றது. முதல் தடவை நான் இதை கண்டுக்கவே இல்லை, புது பிரிட்ஜ் அடியில சரியா படாம மாட்டிட்டேன், அன்னிக்கு ப்ராக்டிஸ் முழுக்க ஆம்ப்ல கொய்ய்ங்னு ஹம், டிரம்மர் கேபிளைத் திட்டறான், நான் ஆம்பைத் திட்டறேன், கடைசியில பாத்தா கம்பியைத் தொட்டாலும் ஹம் குறையல, அப்போதான் உறைச்சுது. ஒயர் நுனியை நல்லா சுரண்டி, விசிறி மாதிரி விரிச்சு, தகடு அழுத்தற இடத்துல படுக்க வைங்க. புது பிரிட்ஜோட அடியில பெயின்ட் இருந்தா அந்த இடத்துல மட்டும் சுரண்டிடுங்க, கருப்பு கலர் பிரிட்ஜ்ல இது முக்கியம். மாட்டினதும் மல்டிமீட்டரை பீப் மோட்ல வச்சு ஒரு முனை சாடில்ல, இன்னொரு முனை கேபிள் குத்தற ஜாக்கோட வெளி உலோகத்துல வைங்க, பீப் வந்தா சரி.

ஓட்டை பொருந்திட்டா ஸ்க்ரூல கொஞ்சம் மெழுகு தடவி பழைய மரையிலேயே இறக்குங்க. பொருந்தலைன்னா பழைய ஓட்டையை அடைக்கணும், பல்குத்தற குச்சியை ஃபெவிகால்ல முக்கி இறுக்கமா சொருகி, ஒரு நாள் காய விட்டு, மட்டமா வெட்டிடுங்க. புது ஓட்டை பழசுக்குப் பாதி மேல விழுந்தா குச்சி தாங்காது, அங்க கெட்டி மரத்துல உருண்டைக் குச்சி (dowel) அடிக்கணும், அது கார்பென்டர் வேலை. புது ஓட்டை போடறதுக்கு முன்னாடி வெளி ரெண்டு கம்பியை மட்டும் மாட்டி, லேசா இழுத்து, பிரிட்ஜை இங்க அங்க நகர்த்திப் பாருங்க, E கம்பியும் G கம்பியும் ஃபிங்கர்போர்டு ஓரத்துல இருந்து ஒரே தூரத்துல ஓடற இடம்தான் உங்க இடம். நீளவாக்குல பாத்தா, 34 இன்ச் ஸ்கேல் (கம்பி அதிர்ற நீளம்) பேஸ்ல நட்டுல (நெக்கோட தலைப்பக்கம் கம்பி உக்கார்ற பள்ளக்கட்டை) இருந்து G சாடில் 864 மில்லி கிட்ட வரணும், E அதுக்கும் சில மில்லி பின்னாடி போகும், அதனால சாடில் ரெண்டு பக்கமும் நகர இடம் விட்டு குறிங்க. ட்ரில் பிட் ஸ்க்ரூவோட நடுத்தண்டு தடிமன்ல இருந்தா போதும், மரை பல்லையும் சேர்த்து அளக்காதீங்க. பிட்ல ஆழம் தெரிய மாஸ்கிங் டேப் சுத்திக்கோங்க, மறுபக்கம் ஓட்டை வந்துச்சுன்னா நான் பொறுப்பில்லை.

பேட்-ஆஸ் 2 மாதிரி சில பிரிட்ஜ்ல சாடில் மொட்டையா வரும், பள்ளம் நாமதான் அரத்தால போடணும். கம்பி தடிமனுக்கு ஏத்த உருண்டை அரம், ஆழம் கம்பியில பாதி, பள்ளம் பின்பக்கமா லேசா சரியணும், இல்லைன்னா சிதார் மாதிரி ஜிங்குன்னு கேக்கும். இதுல அவசரப்பட்டா திரும்ப ஒட்ட வைக்க முடியாது, ரெண்டு இழு இழுத்து கம்பியை வச்சுப் பாத்து மறுபடி ரெண்டு இழுங்க.

இனிமே செட்டப். சொல்லப்போனா புது பிரிட்ஜ் போட்டதும் "ஆஹா சவுண்டே மாறிடுச்சு"ன்னு பல பேர் சொல்றதுக்குக் காரணமே இந்த செட்டப்பும் புதுக் கம்பியும்தான்னு எனக்கு சந்தேகம். ட்யூன் பண்ணிட்டு, முதல் ஃப்ரெட்ல கேப்போ (கம்பிகளை அமுக்கிப் பிடிக்கற கிளிப்) மாட்டி கடைசி ஃப்ரெட்டை அமுக்கி, 8-வது ஃப்ரெட்ல இடைவெளி பாருங்க, 0.3 மில்லி கிட்ட இருந்தா ட்ரஸ் ராடை (நெக் வளைவை சரி பண்ற, உள்ள இருக்கற உலோகத் தண்டு) தொட வேண்டாம். அப்புறம் 17-வது ஃப்ரெட் மேல உயரம், E பக்கம் 2.4 மில்லி, G பக்கம் 2 மில்லி வச்சு ஆரம்பிங்க, கை எப்படி கேக்குதோ அப்படி ஏத்தி இறக்கிக்கலாம். கடைசியாத்தான் இன்டொனேஷன், அதாவது நெக் முழுக்க சுருதி சரியா நிக்கறது, 12-வது ஃப்ரெட்ல ஹார்மோனிக்கும் (கம்பியை அமுக்காம லேசா தொட்டு வர்ற ஒலி) அமுக்கின நோட்டும் ட்யூனர்ல ஒண்ணா காட்டணும், அமுக்கினது ஷார்ப்பா (சுருதி ஏறி) போனா சாடிலைப் பின்னாடி இழுங்க, ஃப்ளாட்டா (சுருதி இறங்கி) இருந்தா முன்னாடி தள்ளுங்க, ஒவ்வொரு தடவையும் திரும்ப ட்யூன் பண்ணிட்டுப் பாக்கணும். கம்பி சாடில் மேல வளையற இடத்துல விரலால ஒரு அமுக்கு அமுக்கிட்டு பாருங்க, இல்லைன்னா ட்யூனர் ஒண்ணு காட்டும், ரெண்டு நாள் கழிச்சு வேற காட்டும்.

கழட்டின பழைய பிரிட்ஜை 5 ஸ்க்ரூவோட ஒரு கவர்ல போட்டு கேஸ்லயே வைங்க. என்னோட ரெண்டாவது பேஸ்ல வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பி போட்டு, சாடில் முன்னாடி ஒரு துண்டு ஸ்பாஞ்சு சொருகி, மோடவுன் பேஸிஸ்ட் ஜேம்ஸ் ஜேமர்சன் பாணில தும் தும்னு வாசிக்கறேன். சஸ்டெய்னே வேண்டாம்னு ஸ்பாஞ்சு வைக்கற பேஸ்ல வெயிட் பிரிட்ஜ் எதுக்கு, அதுல அந்த பழைய வளைச்ச தகடுதான் இப்போ ஏறி உக்காந்திருக்கு.